வேர்க்காத பிள்ளையோடு வெயிலில் பயணம்: ஜெல் பேக்கா, தண்ணீர் பாட்டிலா, குளிர்ச் சட்டையா?

என் மகனுக்கு வேர்க்காது. வியர்வைச் சுரப்பிகள் ஏறக்குறைய இல்லாமலே பிறந்தவன். டாக்டர்கள் சொல்லும் பெயர் ஹைப்போஹைட்ரோட்டிக் எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா. முடி மெலிந்திருப்பதும் பல் குறைவாக இருப்பதும் பார்ப்பவர்களுக்குத் தெரியும். வெயிலில் பத்து நிமிஷம் நின்றால் காது மடல் சிவந்து தெர்மாமீட்டர் 101 காட்டும் என்பது எங்களுக்குத்தான் தெரியும். அந்தச் சூடு பாரசிட்டமாலுக்கு இறங்காது. வெளியிலிருந்து குளிர்ச்சி கொடுத்தால்தான் இறங்கும்.

ராயபுரத்தில் வீட்டுக்குள் இருக்கும்வரை சமாளித்துவிடலாம். ஃபேன், ஈரத்துண்டு, ஃப்ரீசர் எல்லாம் கையெட்டும் தூரத்தில். வீட்டை விட்டு இறங்கினால்தான் கஷ்டம். வேலூருக்கு அடிக்கடி போய் வருகிறோம். மே மாதம் திருநெல்வேலி. ஏசி கோச்சில் டிக்கெட் போட்டாலும் வீட்டிலிருந்து எழும்பூர் வரை ஆட்டோ, பிளாட்ஃபாரத்தில் காத்திருப்பு, ஏசி இன்னும் குளிராத பெட்டியில் முதல் அரை மணி நேரம் என்று இடைவெளிகள் உண்டு. அவனுக்குச் சூடு ஏறியதெல்லாம் இந்த இடைவெளிகளில்தான். ஐஸ் பேக் அப்போது கையில் உறைந்த நிலையில் இருக்கவேண்டும். இந்தச் சில வருஷத்தில் நாங்கள் வாங்கிப் பார்த்தவற்றைத்தான் இங்கே எடைபோடுகிறேன். தண்டுவட மரப்பு நோய் (மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்) உள்ளவர்கள் வீட்டிலும் இதே தேடல் இருக்கும். உடம்பு கொஞ்சம் சூடானாலே அவர்களுக்குப் பார்வை மங்கும்; உடம்பை வருத்தி நடந்த பிறகு அப்படி மங்குவதை உதோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890-லேயே எழுதி வைத்திருக்கிறார்.

முதலில் ஜெல் பேக். மருந்துக் கடையில் நீல நிறத்தில் தொங்குவது. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி தண்ணீர்தான். கெட்டியாக்க ஏதோ கலந்திருப்பார்கள். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பத்தை உறிஞ்சும் என்று பள்ளியில் படித்தோமே, அதைவிட அதிகமாக உறிஞ்சும் மாயம் எதுவும் இந்த ஜெல்லில் இல்லை. ஒரே எடையில் வைத்தால் ஒரு ரூபாய் செலவில்லாத பழைய தண்ணீர் பாட்டிலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் தாங்கும். ஜெல் பேக் வளைந்து கொடுக்கும், கழுத்தில் பதிந்து உட்காரும், உருகினால் ஒழுகாது. அந்த ஒரு வேலைக்கு அது நல்லது. எங்கள் பையில் இரண்டு இருக்கும், அவ்வளவுதான். மீதி எல்லாம் பாட்டில். உருகிய பாட்டில் குடிதண்ணீராகிறது, சட்டையை நனைக்கவும் ஆகிறது. உருகிய ஜெல் வெறும் சுமை.

பாட்டிலை முக்கால் அளவுதான் நிரப்பவேண்டும். தண்ணீர் உறையும்போது பத்தில் ஒரு பங்கு அளவுக்கு உப்பிவிடும். கழுத்துவரை ஊற்றினால் வெடிக்கும். ஒரு லிட்டர் பாட்டில் நடுவரை கல்லாக ஒரு முழு நாள் கொடுங்கள். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி வைத்தால் வெளியே கல், உள்ளே தண்ணீர் என்ற நிலையில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

பலரும் சொல்லாத ஒரு விஷயம் உப்பு. வெறும் ஐஸ் 0 டிகிரியில் உருக ஆரம்பித்துவிடும், எந்தப் பெட்டியில் வைத்தாலும். பேக் நிஜமாகவே உறைந்தே இருக்கவேண்டும் என்றால் அதைச் சுற்றி 0-வைவிடக் குளிரான ஒன்று வேண்டும். லிட்டருக்கு 100 கிராம் கல்லுப்பு கரைத்த தண்ணீர் சுமார் மைனஸ் 6 டிகிரியில்தான் உறையத் தொடங்கும். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18-க்குப் போனால் அதுவும் இறுகிவிடும். உப்புப் பாட்டில்களைப் பெட்டியின் ஓரங்களிலும் நல்ல தண்ணீர் பாட்டில்களை நடுவிலும் வைத்தால், முதலில் உருகுவது உப்புத் தண்ணீர்தான். நடுவில் இருப்பது பல மணி நேரம் கல்லாகவே இருக்கிறது. உப்புப் பாட்டிலுக்குச் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன். அது பிள்ளையின் தோலில் படவே கூடாது, புண்ணாகிவிடும்.

சாதாரண பேக்கையும் ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு உடம்பில் வைக்கக் கூடாது. தடுப்பூசி போடும் நர்ஸ் அக்காதான் இதைக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் தூக்கி வரும் தடுப்பூசிப் பெட்டியில் நான்கு ஐஸ் பேக், எல்லாம் வெறும் தண்ணீர். வெளியே எடுத்து வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்ட பிறகுதான் மருந்தோடு சேர்த்து வைப்பார்களாம், மருந்து உறைந்துவிடாமலிருக்க. தோலுக்கும் அதே கணக்கு. ரொம்பக் குளிர்ந்ததை வைத்தால் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, உள்சூடு உள்ளேயே நின்றுவிடும். தண்ணீர் சத்தம் கேட்கட்டும், ஒரு மெல்லிய துணி சுற்றட்டும், பிறகு கழுத்து, அக்குள், தொடையிடுக்கு.

அடுத்தது பெட்டி. ஜிப் வைத்த மெத்துப் பை, தெர்மாகோல் பெட்டி, கெட்டிச் சுவர் ஐஸ் பாக்ஸ் மூன்றும் எங்களிடம் உண்டு. மெத்துப் பை ஆட்டோ பயணத்துக்குப் போதும், அதற்கு மேல் நம்பாதீர்கள். தெர்மாகோலைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். உள்ளளவு 40, 30, 30 சென்டிமீட்டர். சுவர் ஒரு அங்குலம். வெளியே 35 டிகிரி. மூடியைத் திறக்காமல் வைத்தாலே மணிக்கு ஏறக்குறைய 350 கிராம் ஐஸ் உருகும். சுவர் இரண்டு அங்குலமானால் அது பாதியாகிவிடும். அதாவது 5 கிலோ ஐஸ் முதல் பெட்டியில் 14 மணி நேரம், இரண்டாவதில் ஒரு நாளுக்கு மேல். விலை கூடிய ஐஸ் பாக்ஸில் நாம் காசு கொடுப்பதும் இந்தச் சுவர் கனத்துக்கும் இறுக்கமான மூடிக்கும்தான். காரில் போகிறவர்கள் அதை வாங்கலாம். ரயிலில் படியேறித் தூக்கவேண்டிய எனக்கு, காசிமேட்டில் மீன் அனுப்பப் பயன்படுத்தும் கனத்த தெர்மாகோல் பெட்டியில் புதிதாக ஒன்று வாங்கியதுதான் உதவியாக இருக்கிறது. எடையே இல்லை.

மீன் கட்டும் ஒரு அக்கா நான் அடுக்குவதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பாட்டில நட்டமா நிக்க வெச்சிருக்கே? சந்துல காத்து பூந்துக்கும். படுக்க வெச்சு எடயில தூள் ஐஸ கொட்டு" என்றார். இடைவெளி நிரம்பியதும் வித்தியாசம் கண்கூடாகத் தெரிந்தது. உருகிய தண்ணீரையும் வடிக்கவேண்டாம். ஐஸ் மிதக்கும்வரை அதுவும் 0 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், சந்துகளையும் அடைத்துக்கொள்ளும். உடைக்கப்பட்ட பார் ஐஸ் மீனுக்கானது. பெட்டிக்குள் போடலாம், வாயில் வைக்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கத்திரி வெயிலும் அப்போதுதான். அந்த நாட்களில் ஐஸுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

எந்தப் பெட்டியானாலும் இரண்டாகப் பிரியுங்கள். சின்னது அடிக்கடி திறக்க. பெரியது டேப் ஒட்டி மூடியபடியே, திரும்பி வருவதற்கு.

காரில் செருகும் பெட்டிகளில்தான் நாங்கள் ஏமாந்தோம். விழுப்புரம் பக்கம் ஒரு கல்யாணம். 'கூலர், வார்மர்' என்று போட்ட ஒரு பெட்டியை நம்பி, ஐஸ் குறைவாக எடுத்துக்கொண்டு கிளம்பினோம். திண்டிவனத்தில் திறந்தால் எல்லாம் தண்ணீர், அதுவும் சில்லென்றுகூட இல்லை. பையன் சீட்டில் சாய்ந்து பேச்சில்லாமல் கிடந்தான். ஒரு பெட்டிக்கடையில் இருந்த குளிர்ந்த தண்ணீரை எல்லாம் வாங்கி அவன் தலையில் ஊற்றினேன். அந்த வகைப் பெட்டியில் கம்ப்ரஸர் கிடையாது; வெளிச்சூட்டைவிட 15 அல்லது 20 டிகிரிதான் குறைக்க முடியும். வெளியே 38 என்றால் உள்ளே 20-ஐ ஒட்டித்தான். எதையும் உறைய வைக்காது, உறைந்ததைக் காப்பாற்றவும் செய்யாது. கம்ப்ரஸர் வைத்த கார் ஃப்ரிட்ஜ் வேறு ஜாதி. மைனஸ் 18 வரை போகும், போகிற வழியிலேயே பேக்கைத் திரும்ப உறைய வைக்கும். வீட்டுக்கு வாங்கும் சின்ன ஃப்ரிட்ஜைவிட விலை அதிகம், இன்ஜினை நிறுத்தினால் பேட்டரியைத் தின்னும். மாதத்துக்கு நாலு முறை நெடுந்தூரம் கார் ஓட்டுகிற குடும்பம் என்றால் தயங்காமல் வாங்குங்கள். ரயில் பெட்டியில் இருப்பது செல்போனுக்கான பிளக். அதை நம்பி எதையும் தூக்காதீர்கள்.

உலர் ஐஸ் வேண்டாம். மைனஸ் 78 டிகிரி, தொட்டால் தோல் போகும், மூடிய காரில் கார்பன் டை ஆக்சைடு நிறையும். பிள்ளை உட்காரும் இடத்தில் அதற்கு இடமில்லை.

இனி உடுப்பு. ஐஸ் பேக் சொருகும் சட்டை, 15 டிகிரியை ஒட்டி உருகும் மெழுகு போன்ற பொருள் அடைத்த சட்டை, வெறும் ஈரச் சட்டை என்று மூன்று. நடுவில் சொன்னதற்குத்தான் என் ஓட்டு. ஒரே எடை ஐஸைவிடக் குறைவான வெப்பத்தைத்தான் அது உறிஞ்சும், விலையும் அதிகம். ஆனாலும் அதை உறைய வைக்க ஃப்ரீசரே வேண்டாம். பெட்டியில் உருகிக் கிடக்கிறதே ஐஸ் தண்ணீர், அதில் அரை மணி நேரம் முக்கி வைத்தால் மறுபடி இறுகிவிடும். தோலையும் சுடாது. ஐஸ் பேக் கல்லாக இருக்கிறதா என்ற பதற்றமே இதில் பாதி குறைந்துவிடுகிறது.

ஈரச் சட்டை ஊருக்கு ஊர் மாறும். தண்ணீர் ஆவியாகும்போது, அதே எடை ஐஸ் உருகுவதைப்போல ஏழு மடங்கு வெப்பத்தை எடுத்துப்போகும். அவனுக்கு இல்லாத வியர்வையை நாம் ஊற்றுகிறோம் என்றுதான் அர்த்தம். ஆனால் ஆவியாகவேண்டுமே. ராயபுரத்தில் 35 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் உள்ள ஒரு பிற்பகலில் நனைத்த துணி அதிகபட்சம் 29 டிகிரிக்குத்தான் குளிரும். வேலூரில் 40 டிகிரி, ஈரப்பதம் 25 என்றால் அதே துணி 24 வரை இறங்கும். வெயில் அதிகமான ஊரில் ஈரச் சட்டை நன்றாக வேலை செய்கிறது. கடலோரத்தில் சும்மா நசநசவென்று ஒட்டிக்கொள்கிறது. ஒரு எச்சரிக்கை: வேலூரில் சட்டை காய்ந்துவிட்டால் ஃபேன் காற்றும் ஜன்னல் காற்றும் அவனைச் சுடவைக்கும், ஏனென்றால் அந்தக் காற்று உடம்பைவிடச் சூடு. ஸ்ப்ரே பாட்டில் கையிலேயே இருக்கவேண்டும்.

அதனால் வேலூர் பயணத்துக்கு எங்கள் ஏற்பாடு இப்படி. வீட்டிலிருந்து அரக்கோணம் வரை மெழுகுச் சட்டையும் கழுத்தில் ஜெல் பேக்கும். அதற்குப் பிறகு ஈர பனியன், அரை மணிக்கு ஒருமுறை ஸ்ப்ரே. இவ்வளவு செய்தும் அவன் மயங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ, சூடு இறங்காமல் நின்றாலோ நனைத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடவேண்டும், பெட்டியைக் கிளறிக்கொண்டிருக்கக் கூடாது.

திரும்பும்போது ஆவடி தாண்டியதும் பனியன் காய்வது நின்றுவிடும். பையனே, "அம்மா, சட்டை ஒட்டுது" என்பான். அப்போதுதான் பெரிய பெட்டியின் டேப்பைப் பிரிப்போம். கடைசியாக வந்தபோது, காலை ஐந்து மணிக்கு மூடிய பெட்டியைப் பெரம்பூரில் இறங்குவதற்குச் சற்று முன், சாயங்காலம் ஆறரைக்குத் திறந்தேன். ஓரத்து உப்புப் பாட்டில்கள் உருகியிருந்தன. நடுவில் இருந்த இரண்டு பாட்டிலும் கல்.