பழைய ஏடுகளுக்கு ஒரு வழி, நடப்புக் கணக்குக்கு வேறு வழி

எங்கள் தேவகோட்டை வீட்டின் இரண்டாம் கட்டில் இருந்த பெட்டகத்தைத் திறந்து, ஐயாவின் ரங்கூன் கடைப் பேரேடுகள், இசைகுடிமானங்கள் என்னும் திருமண ஒப்பந்த ஓலைகள், மொய்ப்பண ஏடுகள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து முடிக்க எனக்கும் அண்ணன் மகனுக்கும் ஓராண்டு பிடித்தது. மொத்தம் 1,800 பக்கங்கள். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), வண்ணத்தில், சுருக்காத டிஃப் படக் கோப்பாக எடுத்தால் ஏ4 பக்கம் ஒன்று ஏறத்தாழ 104 எம்பி வரும். ஆக 187 ஜிபி. 300 டிபிஐ போதும், இடம் நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்றார்கள். கணக்கு சரிதான். ஆனால் கரையான் அரித்த ஓரங்களில் பென்சிலால் குறித்திருந்த வட்டி விவரம் 600இல்தான் படிக்க முடிந்தது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

அதே கணினியில்தான் வீட்டுப் பராமரிப்புக் கணக்கும் இருக்கிறது. எட்டுப் புள்ளிகளின், அதாவது எட்டுக் குடும்பங்களின் வரவு செலவு, ஓடு மாற்றிய கூலி, மின் கட்டணம் என்று ஒரே எக்செல் கோப்பு. 3 எம்பிகூட இல்லை, ஆனால் வாரத்தில் நான்கு நாள் மாறுகிறது. ஒன்று பெரியது, மாறாதது. மற்றது சிறியது, மாறிக்கொண்டே இருப்பது. இரண்டையும் ஒரே வழியில் பேக்கப் எடுத்ததில்தான் எனக்கு இடமும் போனது, கணக்கும் போனது.

முதலில் முழு டிஸ்க்கின் படம், அதாவது சிஸ்டம் இமேஜ். விண்டோஸ், நிரல்கள், அமைப்புகள் அனைத்தும் ஒரே மூட்டையாக வரும். கணினி படுத்துவிட்டால் சில மணி நேரத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். ஆனால் எனக்கு ஒரு படமே 90 ஜிபி பிடித்தது. விண்டோஸை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம், பேரேட்டை மீண்டும் எழுத முடியாது. படம் ஒன்று போதும். புதியது எடுத்து அது திறக்கிறது என்று பார்த்த பிறகு பழையதை அழித்துவிடுகிறேன்.

அடுத்தது, 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்த ஃபைல் ஹிஸ்டரி. மாறிய கோப்புகளை மட்டும் மணிக்கொரு முறை வெளி டிஸ்க்கில் நகலெடுக்கும். பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும். கணக்குக் கோப்புக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை தவறாக அழித்த வரிசையை வெள்ளிக்கிழமை திரும்ப எடுத்திருக்கிறேன்.

பெரிய கோப்புகளுக்கு இதே குணம்தான் பகை. ஒரு பக்கத்தை நேராகத் திருப்பிச் சேமித்தால் 104 எம்பியும் மறுபடி நகலாகும். ஒரு நாள் ஸ்கேன் கோப்புறையின் பெயரை ‘பேரேடு’ என்பதிலிருந்து ‘ரங்கூன் பேரேடு’ என்று மாற்றினேன். புதுப் பெயரில் இருப்பதெல்லாம் புதுக் கோப்பு என்று கொண்டு 187 ஜிபியையும் இரண்டாம் முறை எழுதிவிட்டது. 500 ஜிபி டிஸ்க்கில் இந்த இரண்டும் 374, சிஸ்டம் இமேஜ் 90. மீதியைக் கைபேசி வீடியோக்கள் அடைத்துக்கொண்டன. டிஸ்க் நிரம்பியதும் நகலெடுப்பது நின்றது. நான் கவனிக்கவில்லை. மூன்று வாரம் கழித்துக் கணக்குக் கோப்பு கெட்டபோது, அந்த மூன்று வாரக் கணக்கை ரசீதுகளை விரித்து வைத்துத் திரும்ப எழுதினேன்.

ஃபைல் ஹிஸ்டரியில் பதிப்புகளை வைத்திருக்கும் காலம், நாம் மாற்றாதவரை, ‘என்றென்றும்’ என்றே இருக்கும். அதை ‘இடம் தேவைப்படும்வரை’ என்றோ ஓராண்டு என்றோ மாற்றுவது முதல் வேலை. பெரிய, மாறாத கோப்புறைகளை விலக்கப் பட்டியலில் சேர்ப்பது இரண்டாவது. இடம் வேண்டுமென்று வெளி டிஸ்க்குக்குள் நுழைந்து கையால் அழிக்காதீர்கள். பழைய பதிப்புகளை நீக்க ஃபைல் ஹிஸ்டரிக்குள்ளேயே வசதி இருக்கிறது.

ஏடுகளுக்கு நான் தேர்ந்தது கண்ணாடி நகல். கணினியில் இருப்பது போலவே வெளி டிஸ்க்கிலும் இருக்கும். விண்டோஸுடன் வரும் ரோபோகாப்பியோ இலவசமான ஃப்ரீஃபைல்சிங்கோ போதும். 187 ஜிபிக்கு 187 ஜிபிதான் செலவு. ஒரே ஆபத்து, இங்கே அழிந்தது அடுத்த முறை அங்கேயும் அழியும். ஃப்ரீஃபைல்சிங்கில் அழியும் கோப்புகளைத் தனிக் கோப்புறைக்கு நகர்த்தும் அமைப்பு உண்டு. அதைப் போட்டுக்கொண்ட பிறகுதான் எனக்கு உறக்கம் வந்தது.

இணையத்தில் சேமிக்கும் கிளவுடைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். கூகுளின் இலவச இடம் 15 ஜிபி, அதிலும் மின்னஞ்சலும் புகைப்படங்களும் பங்கு கேட்கும். ஒன்டிரைவில் 5 ஜிபி. கணக்குக் கோப்புக்குத் தாராளம். ஏடுகளுக்கு மாதச் சந்தா கட்ட வேண்டும். எங்கள் இணைப்பின் 20 எம்பிபிஎஸ் பதிவேற்ற வேகத்தில், இடையில் மின்சாரம் போகாவிட்டாலும், 21 மணி நேரம் ஆகும். ஒத்திசைவு என்பதும் கண்ணாடி நகலைப் போன்றதே: இங்கே அழித்தால் அங்கேயும் போய்விடும், கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் மட்டும் காத்திருக்கும்.

ஆனால் கிளவுடில் இருக்கும் ஒரு நன்மையை மறுக்க மாட்டேன். வீட்டுக்கு வெளியே ஒரு நகல் இருக்கிறது. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தேடித்தேடிச் சேர்த்த நூல்கள், அவர் 1992இல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையில் ஆய்வு நூலகமாகி, மைக்ரோபிலிமிலும் பதிவாயின. வீட்டுப் பேரேடுகளைத் தேடி அப்படி யாரும் வரப்போவதில்லை. ஆகவே டிஸ்க்குகளை இரண்டாக வாங்கினேன். ஒன்று இங்கே, மற்றது சென்னையில் பங்காளி வீட்டில். ஆண்டுதோறும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு அவர் வரும்போது மாற்றிக்கொள்கிறோம்.

சென்ற முறை அவர் ஊர் போய்ச் சேர்ந்ததும் தொலைபேசியில் அழைத்து, ரங்கூன் இரண்டாம் ஏட்டின் நாற்பதாம் பக்கத்தைத் திறந்து படிக்கச் சொன்னேன். பென்சில் குறிப்பு வரைக்கும் படித்தார்.