கழிவுநீரில் குரோமியம் அளக்கும் தானியங்கிக் கருவி: ஆறு மாத அனுபவம்

இராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில், வெளியேறும் நீரிலுள்ள குரோமியத்தை அரைமணிக்கு ஒருமுறை தானாகவே அளக்கும் கருவியை ஆறு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். அமிலமாக்கிய நீரில் டைபீனைல்கார்பசைடு என்ற வேதிப்பொருள் சேர்ந்ததும் தோன்றும் செவ்வூதா நிறத்தை 540 நானோமீட்டர் ஒளியில் அளந்து, நச்சு மிகுந்த வடிவமான ஆறு இணைதிறன் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்ற வரம்பை நெருங்கும்போதே எச்சரிப்பது இதன் பெரும்பயன். ஆய்வக முடிவுக்காக நாங்கள் காத்திருந்த நாள்களில் அந்த நீர் நிலையத்தைக் கடந்து போயிருக்கும். ஆனால், தோல் பதனிடப் பயன்படுவது இந்த நிறத்தைத் தராத மூன்று இணைதிறன் குரோமியம் என்பதால், அதையும் ஆறு இணைதிறனாக ஆக்சிஜனேற்றம் செய்து மொத்த அளவைக் காட்டும் வகையையே வாங்க வேண்டும். விற்பனையாளர் இதைச் சொல்லாதது எங்களுக்குப் பெருங்குறை. வடிகட்டி கசடால் அடைபடுவதால் வாரம் இருமுறை கழுவுகிறோம். வேதிப்பொருள் செலவும் குறைவன்று.