மலக்குடலை எடுத்த பிறகு: நேர் இணைப்பா, ஜே பையா, நிரந்தர ஸ்டோமாவா?

மலக்குடலில் புற்றுநோய் என்றதும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "வயித்துல பை வைக்காம முடியுமா டாக்டர்?" குடலை வயிற்றில் திறந்து, மலத்தை வெளியே மாட்டிய பையில் சேர்க்கும் ஸ்டோமாவைத்தான் சொல்கிறார்கள். முடியும் என்றால் நிம்மதி. மிச்சக் குடலை எப்படி இணைக்கப்போகிறார்கள் என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

மலக்குடல் நிரம்ப நிரம்ப விரிந்துகொடுக்கும். அதனால்தான் கழிப்பறை கிடைக்கும்வரை நம்மால் பொறுக்க முடிகிறது. அதை எடுத்துவிட்டுப் பெருங்குடலின் நுனியை அப்படியே ஆசனவாயோடு தைப்பது நேர் இணைப்பு. செய்வதற்கு எளிது, ஆனால் அந்தத் தாங்கும் இடம் போய்விடுகிறது. நாளெல்லாம் அடிக்கடி போகவேண்டும், போய்வந்த சற்று நேரத்தில் மறுபடி முட்டும், காற்றுகூட அடங்காது. இந்தத் தொல்லைகளின் தொகுப்பை மருத்துவர்கள் 'லார்ஸ்' என்பார்கள். டென்மார்க் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஐந்து கேள்விகள் இதை அளக்க உதவுகின்றன: மொத்தம் 42 புள்ளி, 30 தொட்டால் கடுமை.

ஜே பை இதற்கு மாற்றாக வந்தது. 1986இல் பிரான்சில் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதை வெளியிட்டன. குடல் நுனியை ஆங்கில J எழுத்துப்போல் மடித்து 5–6 செ.மீ. நீளத்துக்குப் பையாக்கி இணைப்பார்கள். அதைவிடப் பெரிதானால் மலம் முழுதாக வெளியேறாமல் தங்கிவிடும். முதல் ஒன்றரை ஆண்டுக்கு நேர் இணைப்பைவிட இது தெளிவாக மேல். பிறகு வித்தியாசம் தேய்கிறது என்பதைக் காட்டி இதை ஒதுக்குவோரை என்னால் ஏற்க முடியவில்லை. கீமோ முடிந்து, வேலைக்குத் திரும்பி, பேருந்தில் ஏறத் துணியும் காலம் அந்த ஒன்றரை ஆண்டுதானே!

இடுப்பெலும்பு குறுகலாக இருந்தாலோ, குடலைச் சுற்றிக் கொழுப்பு மிகுந்திருந்தாலோ ஜே பை கீழே இறங்காது. அப்போது குடலின் பக்கவாட்டை ஆசனவாயோடு சேர்க்கும் முறை உண்டு. பலனில் ஜே பைக்கு ஏறக்குறைய சமம். நேர் இணைப்புக்கு இறங்குமுன் இதைப் பரிசீலிக்கலாம். குடலைக் கீறி அகலப்படுத்தித் தைக்கும் கோலோபிளாஸ்டி ஜே பையை மிஞ்சவில்லை.

நிரந்தர ஸ்டோமா? புற்றுநோய்க் கட்டி ஆசனவாயின் சுருக்குதசையைத் தொட்டுவிட்டால் வேறு வழி இல்லை. தொடாவிட்டாலும், ஏற்கெனவே அடக்க முடியாமல் தவிக்கும் முதியவருக்கு நான் இதையே முதலில் சொல்வேன். ஸ்டோமா இல்லாதவர்களின் வாழ்க்கைத்தரம்தான் உயர்ந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றே மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பும் சொன்னது. ஆனால் பின்புறக் காயம் ஆறத் தாமதமாகலாம், கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு இன்னும் அதிகமாக. உடலைப் பார்க்கும் கூச்சத்தையும் தாம்பத்தியச் சிக்கலையும் மறைக்காமல் முன்பே பேசிவிட வேண்டும்.

எந்த இணைப்பானாலும், கட்டி ஆசனவாய்க்கு எவ்வளவு நெருக்கம், கதிர்வீச்சு கொடுத்தார்களா என்பவை பின்விளைவை நிறையவே தீர்மானிக்கின்றன. மலப்போக்கைக் குறைக்கும் லோபெரமைடு மாத்திரை, இடுப்புத்தசைப் பயிற்சி, ஆசனவாய் வழியே நீர் செலுத்திக் குடலைக் கழுவுதல் ஆகியவை பலருக்குக் கைகொடுக்கின்றன. இணைப்பு ஆறும்வரை சிறுகுடலை வயிற்றில் திறந்துவைக்கும் தற்காலிக இலியோஸ்டமியை மூடும் தேதி குறிக்கும்போதே இவற்றை யார் கற்றுத்தருவார்கள் என்று கேட்டுவையுங்கள். மூடிய முதல் வாரங்களில்தான் தொல்லை உச்சத்தில் இருக்கும்.