அமினோ ஆசிட் டப்பா விற்கிறார்கள், குதிரை வைத்திருப்பவர்கள் உஷார்

கோவை, ஈரோடு பக்கத்துக் குதிரை வாட்ஸ்அப் குழுக்களில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மற்றவர்களுக்கும் அனுப்புங்கள். 5 கிலோ வெள்ளை டப்பா, மேலே துள்ளும் குதிரைப் படம், "18 அமினோ ஆசிட், புரதம் 38%, 30 நாளில் சதை, குளம்பு, பளபளப்பு" என்று எழுதி 4,800 ரூபாய்க்கு ஒருவர் விற்கிறார். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை நெருங்கும்போது வியாபாரம் இன்னும் சூடு பிடிக்கும், அதற்குள் குதிரையைத் தேற்றிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம் இருக்குமில்லையா. வாங்காதீர்கள்.

எங்களிடம் ஒரு கத்தியவார் இனப் பெண் குதிரை இருக்கிறது, 350 கிலோ வரும். குட்டி போட்ட பிறகு பால் கொடுத்துக் கொடுத்து முதுகுச் சதை வற்றி எலும்பு தூக்கிவிட்டது. குழுவில் படம் போட்ட அன்றைக்கே இந்த ஆள் போன். "அமினோ ஆசிட் குறைபாடுண்ணா, பார்த்தாலே தெரியுது." எரிச்சல் என்னவென்றால், அந்த ஆள் சொன்ன குறைபாடு பொய்யில்லை. புரதம் என்பதே அமினோ ஆசிட்கள் கோத்த சங்கிலிதான், அதில் முக்கியமான ஒன்று லைசின். 500 கிலோ குதிரை சும்மா நின்றாலே நாளைக்கு 27 கிராம் லைசின் வேண்டும், குட்டி போட்ட முதல் மாதம் அதுவே 85 கிராம் ஆகிவிடும். எங்கள் குதிரையின் எடைக்குக் கணக்குப் போட்டால் 60 கிராம் வருகிறது. வைக்கோல், மக்காச்சோளம், தவிடு என்று போட்டால் அதில் பாதி தேறுவதே கஷ்டம். லைசின் குறைந்தால் மற்ற அமினோ ஆசிட் எவ்வளவு இருந்தாலும் உடம்பு அதை வைத்துச் சதை கட்டாது, மிச்சமெல்லாம் மூத்திரமாகப் போய்விடும்.

சரி, டப்பா வந்தது. நாளைக்கு 100 கிராம் போடச் சொன்னான். குதிரை முகர்ந்து பார்த்துவிட்டு வாளியை மூக்காலேயே தள்ளிவிட்டது. திறந்தாலே ஒரு கசப்பு வாடை. கேட்டதற்கு "மூலிகை சேர்த்திருக்கோம்ணா, வெல்லம் கலந்து வைங்க" என்றான். வெல்லம் போட்டதும் தின்றது, சதை மட்டும் ஏறவில்லை, குட்டியும் மெலிய ஆரம்பித்தது. ஒரு நாள் கறுப்புத் தட்டில் ஒரு கை கொட்டி வெயிலில் வைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் அரிசித் தவிடு, உமித் துணுக்கு கூடக் கண்ணுக்குத் தெரிந்தது. நடுநடுவே அரைபடாமல் தப்பிய மஞ்சள் பூத்த வெள்ளைக் குருணை. முகர்ந்தால் வேப்பெண்ணெய். விவசாயம் பண்ணுகிற யாருக்கும் இது என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. 2015-லிருந்து மானிய யூரியா கிட்டத்தட்ட முழுக்க வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது, இப்படி வேறு வேலைக்குக் கடத்தக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

தீவன ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினோம். புரதம் 38 சதவீதத்துக்கும் மேலேயே இருக்கிறது, கூடவே யூரியா இருப்பதாகத் தனி வரி. இரண்டும் எப்படிச் சேர்ந்து வரும் என்று கேட்கிறீர்களா? தீவன ஆய்வில் பொதுவாகப் புரதத்தை நேராக அளப்பதில்லை, அதில் இருக்கும் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குவார்கள். யூரியாவில் 46% நைட்ரஜன். பெருக்கிப் பாருங்கள், 287% "புரதம்" என்று வரும். தவிட்டில் பத்தில் ஒரு பங்கு யூரியா கலந்தால் போதும், ரிப்போர்ட்டில் 38 தாண்டிவிடும். அமினோ ஆசிட் மருந்துக்குக்கூட வேண்டாம்.

ரிப்போர்ட்டை அனுப்பிக் கேட்டேன். பதில் என்ன தெரியுமா? "மாட்டுக்கே யூரியா போடறாங்களேண்ணா!" போடுகிறார்கள்தான் தம்பி, மாட்டுக்கு. மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் யூரியாவைப் புரதமாக்கும், அப்புறம் அதுகளே சிறுகுடலுக்குப் போய் செரித்து மாட்டுக்கு அமினோ ஆசிட் கிடைக்கும். குதிரைக்கு அந்த வேலை நடப்பது சிறுகுடலைத் தாண்டி, பெருங்குடல் பக்கம். அங்கே உண்டாகும் புரதம் பெரும்பாலும் லத்தியோடு வெளியே போய்விடும். அந்த அளவு யூரியாவால் குதிரை சாகாது, ஆனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

இன்னொரு கணக்கும் பாருங்கள். டப்பாவில் எழுதியது அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், 100 கிராமில் கிடைப்பது 38 கிராம் புரதம். பால் கொடுக்கும் இந்தக் குதிரைக்குத் தேவை நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல். "18 அமினோ ஆசிட்" என்று எழுதியிருந்தால் லைசின் எத்தனை கிராம், திரியோனின் எத்தனை, மெத்தியோனின் எத்தனை என்று கேளுங்கள். எழுத்தில் தராதவனிடம் பேச்சே வேண்டாம். 30 நாளில் குளம்பு என்பதும் சுத்தப் புருடா. குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது, மேலிருந்து நுனி வரை புதிதாக இறங்க ஒரு வருஷம் ஆகும்.

எங்கள் டாக்டர் சொன்னது சோயா புண்ணாக்கும் குதிரை மசால் என்கிற பசுந்தீவனமும், அவ்வளவுதான். ஒரு கிலோ சோயா புண்ணாக்கில் 28 கிராம் போல லைசின் இருக்கிறது. கடலைப் புண்ணாக்கிலும் புரதம் அதே அளவுதான், ஆனால் லைசின் பாதிதான், பூஞ்சை பிடித்திருந்தால் ஈரலும் கெடும். தனியாக லைசின் வேண்டுமென்றால் நாமக்கல் பக்கம் கோழித் தீவனச் சரக்கு விற்பவர்களிடம் மூட்டையாகவே கிடைக்கிறது, டாக்டரைக் கேட்டு அளவாகப் போடலாம். லைசின் மட்டும் வாங்குங்கள், கோழிக்கென்று கலந்து வைத்த தீவனத்தையோ மிக்ஸையோ தொடாதீர்கள். அதில் மொனென்சின் மாதிரி மருந்து இருந்தால் கோழிக்கு ஒன்றும் ஆகாது, குதிரைக்கு இதயத் தசையே போய்விடும்.

பணம் ஜிபேயில் போனது, பில் கிடையாது, இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். அதே பொடி வேறு பெயரில் நீல டப்பாவில் வருவதாகக் கேள்வி. யாரிடமாவது இருந்தால் ஒரு படம் அனுப்புங்கள், நுகர்வோர் நீதிமன்றப் புகாரோடு சேர்க்க வேண்டும். ரிப்போர்ட் நகல் கேட்பவர்களுக்குத் தருகிறேன்.