முதல் இங்க் பேனா: ஊர்க்கடைப் பேனாவா, ஹீரோவா, பிரெப்பியா?

இங்க் பேனா வாங்க ஆசைப்படுகிறவர்கள் பேனாவில் ஆரம்பித்து மையில் முடிக்கிறார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்கள் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. எந்த நோட்டில் எழுதப்போகிறோம், எந்த மை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பேனா அப்புறம்.

காரணம் நம் ஊர் ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் அலமாரிக்குள் இருக்கும் நோட்டுகூட நமுத்துப்போகும். அந்தத் தாளில் மை தாராளமாக இறங்கும் பேனாவை வைத்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் மீசை முளைக்கும், பின்பக்கமும் தெரியும். கத்திரி வெயிலிலோ வேறு தொல்லை. மூடி இறுக்கமில்லாத பேனாவில் நிப் காய்ந்து, எழுத எடுத்தால் வெறும் கீறல்தான் விழும். ஏசி அறையில் கனமான வெளிநாட்டுத் தாளில் எழுதிப் பார்த்தவர் கொடுக்கும் சான்றிதழ் இங்கே பாதிதான் செல்லும்.

முதலில் ஊர்க்கடைப் பேனா. கேம்லினோ, மும்பையிலிருந்து வரும் வாலிட்டியோ, பெயரே இல்லாத ஏதோ ஒன்றோ. கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் உடம்பிலேயே மையை ஊற்றிக்கொள்ளும் ரகம் இது. உள்ளே ரப்பர் டியூப், மையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் கன்வர்ட்டர் என்று எதுவும் கிடையாது, அதனால் கெட்டுப்போகவும் எதுவும் இல்லை. ஒரு முறை நிரப்பினால் நாள்கணக்கில் எழுதும். விலையும் குறைவு. பள்ளிக்கூடத்தில் தொலைத்துவிட்டு வந்தாலும் வீட்டில் பெரிய ரகளை நடக்காது.

ஆனால் இந்த ரகத்துக்கு வெயில் ஆகாது. மை பாதிக்குக் கீழே இறங்கியதும் மேலே காற்று நிறைகிறது. கைச்சூட்டிலோ சட்டைப்பை வெக்கையிலோ அந்தக் காற்று விரிந்து, மையை நிப் வழியாக வெளியே தள்ளுகிறது. வைகாசியில் மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூருக்கு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனவர் சட்டையில் தெரியும் நீல வட்டத்துக்குப் பேனாவின் தரக்குறைவு மட்டும் காரணமில்லை. பாதி தீர்ந்ததுமே மறுபடி நிரப்பிவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். மரையில் கசிந்தால் துளி சிலிக்கான் கிரீஸ் போதும். வாஸலின் தடவாதீர்கள், கழுத்தில் ரப்பர் வளையம் இருந்தால் அதைக் கெடுக்கும்.

அடுத்தது ஹீரோ 616. சிங்கப்பூர் போய் வந்த மாமாக்கள் புண்ணியத்தில் இந்தப் பக்கத்தில் இதற்கு ஒரு தனி மரியாதை உண்டு. பேங்க் கிளார்க்குகளின் பையில் அந்தப் பளபள மூடி தெரிந்த காலம் ஒன்று இருந்தது. 1941-இல் கடைக்கு வந்த பார்க்கர் 51-ஐப் பார்த்து சீனாவில் செய்த பேனா இது. நிப்பின் முனை மட்டும் வெளியே எட்டிப்பார்க்கும், மீதி உள்ளே மறைந்திருக்கும். அதனால் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு அடுத்த வரியை யோசித்துக்கொண்டிருந்தாலும் சட்டென்று காயாது. உள்ளே இருக்கும் பையை அமுக்கி அமுக்கி பாட்டிலிலிருந்தே மை உறிஞ்சலாம், கையில் அதிகம் படாது. எழுத்து மெல்லிசு.

குறையும் இரண்டு உண்டு. போலிகள் மலிந்து கிடக்கின்றன, ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு பேனாக்கள் இரண்டு விதமாக எழுதும். அடைத்துக்கொண்டால் சுத்தம் செய்வதும் லேசில்லை, மறைப்பைக் கழற்றினால்தான் நிப்பை எட்ட முடியும். கையில் எடுத்து எழுதிப் பார்த்து வாங்க முடிந்தால் ஹீரோ, இல்லையென்றால் வேண்டாம்.

ஜப்பான் பிளாட்டினம் நிறுவனத்தின் பிரெப்பிதான் என் முதல் பரிந்துரை. பார்க்கப் பத்து ரூபாய்ப் பேனா மாதிரி கண்ணாடி பிளாஸ்டிக். மூடிக்குள் ஸ்பிரிங் வைத்த ஒரு குப்பி இருக்கிறது, மூடியதும் அது நிப்பைக் காற்றுப் புகாமல் அடைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் தொடாமல் வைத்துவிட்டு எடுத்தாலும் முதல் கோட்டிலேயே மை வரும். கத்திரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நிப் 0.2, 0.3, 0.5 மில்லிமீட்டர் என்று மூன்று அளவில் வருகிறது. உள்ளூர்ப் பேனாவைவிடச் சில மடங்கு விலை. சின்ன ஊர்க் கடையில் கிடைக்காது, தபாலில்தான் வரவழைக்க வேண்டும். மூடி நாளடைவில் கீறல் விடுவதும் உண்டு.

இதில் ஒரு வியாபாரத் தந்திரம் ஒளிந்திருக்கிறது. பிரெப்பிக்கு அந்த நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜ்தான், அதாவது மை அடைத்த குட்டிக் குழாய்தான், பொருந்தும், கன்வர்ட்டர் கிட்டத்தட்டப் பேனா விலைக்கே வரும். இரண்டையும் வாங்காதீர்கள். பேனாவோடு வரும் கார்ட்ரிட்ஜ் தீர்ந்ததும் எறியாமல் கழுவி, மெடிக்கல் ஷாப்பில் ஒரு சிரிஞ்ச் வாங்கி, பாட்டில் மையை அதில் ஏற்றிக்கொள்ளுங்கள். கார்ட்ரிட்ஜுக்குள் குட்டி இரும்புக் குண்டு ஒன்று உருளும். அது இருக்க வேண்டியதுதான், பழுது என்று பயப்பட வேண்டாம்.

சீனத்து ஜின்ஹாவ் பேனாக்களைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. கன்வர்ட்டரோடு வருகின்றன, பார்க்க ஆடம்பரம், விலை மலிவு. ஆனால் பெரிய நிப் வைத்தவற்றில் பட்டையான எழுத்து, மையும் தாராளம். நம் ஊர் நோட்டுக்கு ஒத்துவராது. லேமி சஃபாரி நல்ல பேனாதான், விரல் வைக்கும் இடத்தில் முக்கோணமாக இருப்பதால் பிடிப்பு தானே சரியாகும். ஆனால் அந்த விலைக்கு ஒரு பிரெப்பியும் பல வருஷத்துக்கான மையும் வாங்கிவிடலாம். திருவள்ளூரில் கையால் கடையும் ரங்கா எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனாக்கள் அழகு. அதெல்லாம் பழக்கம் ஒட்டிக்கொண்ட பிறகு.

நிப் அளவை மட்டும் அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். ஆங்கிலத்தில் எழுதிக் காட்டும் மதிப்புரைகள் இதில் உதவாது, நம் எழுத்து சுழி எழுத்து. ஒரு வரி நோட்டில் சின்னதாக எழுதுகிறவர் ‘ண’ போட்டால் பட்டை நிப்பில் உள்சுழிகள் அடைந்து வெறும் நீலப் பொட்டாகிவிடும். ‘ஞ’வும் ‘ணை’யும் இன்னும் மோசம். ஒரே அளவு என்று போட்டிருந்தாலும் ஜப்பான் நிப் ஐரோப்பிய நிப்பைவிட மெல்லிசு, சுழி தெளிவாக விழும். மெல்லிய நிப் தாளில் குறைவாக மை வைப்பதால் நமுத்த நோட்டிலும் அவ்வளவாக ஊறாது. பிரெப்பி என்றால் 0.3 போதும். கையெழுத்துப் பெரிதாக இருப்பவர்கள் 0.5.

கடையில் எல்லாரும் பிள்ளையார் சுழி போட்டுப் பார்த்துவிட்டு நல்ல பேனா என்று சொல்லிவிடுகிறார்கள். ‘உ’ எந்தப் பேனாவிலும் நன்றாகத்தான் வரும். கடைக்காரர் நிப்பை மையில் முக்கிக் கொடுப்பதால் முதல் இரண்டு வரி கொழகொழவென்று இறங்குவதும் சகஜம். ஐந்தாறு வரி எழுதி, அப்படி முக்கியெடுத்த மை தீர்ந்தபின் எப்படி எழுதுகிறது என்று பாருங்கள். மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் கோடு இழுங்கள். ஏதாவது ஒரு திசையில் கீறினால் நிப்பின் பிளவுக்கு இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இல்லை என்று அர்த்தம்.

இனி மை. ஆரம்பத்துக்கு ராயல் ப்ளூ. கேம்லின், சென்னைத் தயாரிப்பான பிரில், பார்க்கர் குயின்க் மூன்றில் எது கிடைத்தாலும் சரி. கேம்லின் 1931-இல் மைத்தூள் விற்று ஆரம்பித்த நிறுவனம், 2011-லிருந்து ஜப்பான் கொகுயோவின் கையில். விலைக்கு என் ஓட்டு பிரிலுக்கு. ராயல் ப்ளூ தண்ணீரில் கரையும் சாயம். அதனால் நிப் அடைக்காது, அடைத்தாலும் கழுவினால் போய்விடும். வெள்ளை யூனிஃபார்மில் பட்டால் உடனே ஊறவைத்தால் பெரும்பாலும் வெளுத்துவிடும்.

அதே குணம்தான் குறையும். மழையில் நோட்டு நனைந்தால் எழுத்தும் கரைந்து ஓடும், வெயிலில் வைத்தால் நிறம் மங்கும். களத்து மேட்டில் மூட்டைக் கணக்கு எழுதுகிறவருக்கும், கார்பன் தாள் வைத்து பில் போடுகிறவருக்கும் இங்க் பேனாவே வேண்டாம், பால்பாயின்ட்தான் சரி. கார்பனில் பதியும் அளவுக்கு அழுத்தினால் நிப் விரிந்துவிடும்.

அழியாத மைதான் வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. பழைய ப்ளூ-பிளாக் மைகள் பலவும் இரும்பு கலந்தவை. எழுதும்போது நீலமாக இருக்கும், காற்றுப் பட்டதும் கறுக்கும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்து கறுப்பதும் இதே வேதியியல்தான். அமிலம் உள்ள மை என்பதால் கழுவாமல் விட்டால் மலிவு ஸ்டீல் நிப்பை அரிக்கும், உள்ளே படிந்தும் போகும். வாராவாரம் கழுவுகிறவருக்கு மட்டும். ஓவியக் கடையில் கிடைக்கும் இந்தியன் இங்க்கை எந்தக் காரணம் கொண்டும் பேனாவில் ஊற்றாதீர்கள். அதில் அரக்கு மாதிரி ஒட்டும் பொருள் இருக்கிறது, ஒரே இரவில் பேனா கதை முடிந்துவிடும். ஸ்டாம்ப் பேட் மைக்கும் இதே தடை.

1934-இல் சுதேசி இயக்கத்தில் பிறந்த வங்காளத்துச் சுலேகா, கேரளத்துக் கிருஷ்ணா மைகள் எல்லாம் டைரிக்கும் கடிதத்துக்கும் ஆசைக்கு வாங்கலாம். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைக்கு நீலமும் கறுப்பும் போதும்.

சரஸ்வதி பூஜைக்குக் கூத்தனூருக்குப் பேனாவும் நோட்டும் எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பையில் போட்டுக் கூட்டத்தில் நசுங்கப்போகும் பேனா, அதனால் மை நிரப்பாமல் கொண்டுபோங்கள். பள்ளிப் பிள்ளைக்கு என்றால் ஊர்க்கடைப் பேனாவையே கொடுங்கள், பிரெப்பி பெரியவர்களுக்கு. எட்டாம் வகுப்புப் பையன் மூடியைக் கடித்தே தீர்த்துவிடுவான்.

கழுவுவதற்குச் சாதாரணத் தண்ணீர் போதும், சுடுதண்ணீர் கூடாது. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புத் தண்ணீராக இருந்தால் கடைசி அலசலைக் கேன் தண்ணீரில் முடியுங்கள், இல்லையென்றால் காய்ந்ததும் உப்பு படியும். மை வராத நிப்பின் பிளவில் பிளேடை விட்டுக் கீறுவது நம் பள்ளிக்கூடப் பழக்கம், அதை விட்டுவிடுங்கள். பிளவு ஒரு முறை அகலமாகிவிட்டால் பேனா மையைக் கக்கிக்கொண்டே இருக்கும், எந்த மெக்கானிக்கும் அதை மூடித் தரமாட்டார். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் கலந்து நிப்பை ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் சிரிஞ்சால் பீய்ச்சி அலசிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.