தம்பதிகளுக்கு எது: தந்த்ரா பயிலரங்கா, தொடுகைப் பயிற்சியா, யோக நித்திரையா?

தந்திரம் என்றால் இன்று நமக்குச் சூழ்ச்சி. திருமந்திரத்திலோ நூலின் ஒன்பது பகுதிகளுக்கும் அதுதான் பெயர். மூன்றாம் தந்திரத்தில் வரும் பரியங்க யோகம் ஆண் பெண் கூடலையே யோகமாகப் பேசுகிறது. ஆகவே மந்திரமும் பூஜையும் யோகமும் சேர்ந்த சாதனை மரபான தாந்திரிகத்துக்கும் தாம்பத்தியத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நெருக்கம் குறைந்துபோய் உதவி தேடும் தம்பதி எந்த வாசலுக்குப் போகிறார்கள் என்பதுதான் என் கவலை.

எளிதில் கிடைப்பது வார இறுதி 'தந்த்ரா' பயிலரங்கு. எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்ப்பது, சேர்ந்து மூச்சுவிடுவது, மசாஜ். இந்த வடிவத்துக்கு வயது அதிகமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தந்த்ரா கற்பித்த பியர் பெர்னார்டு, 1970களில் மேலைநாட்டுக் குழு சிகிச்சைகளையும் சேர்த்துக் கொடுத்த புனே ரஜனீஷ் (ஓஷோ) ஆசிரமம் என்று வளர்ந்தது. இதனால் மனம் நெருங்கியவர்கள் இருக்கலாம். ஆனால் பாலுறவுதான் தாந்திரிகம் என்று விற்பது பெரிய அநியாயம். தாந்திரிகத்தின் ஒரு கிளையான கௌள மரபில் கூடல் சடங்கு உண்டு, அதுவும் குருவிடம் தீட்சை பெற்றவர்களுக்கு. தேவியை வழிபடும் ஸ்ரீவித்யா மரபில் சமயாசாரம் என்னும் பிரிவினரோ பூஜையையே மனத்துக்குள் செய்கிறவர்கள். இன்னொன்று: நடத்துபவரே உங்களைத் தொடுவார் என்றால் அங்கே போகாதீர்கள்.

பாலியல் சிகிச்சையாளர்கள் தரும் தொடுகைப் பயிற்சி வேறு ரகம். அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் இருவரும் 1970இல் வெளியிட்ட நூலால் பரவியது. முதல் கட்டத்தில் உடலுறவு கூடாது. மார்பையும் பிறப்புறுப்பையும் தொடக் கூடாது. ஒருவர் தொட, மற்றவர் சூட்டையும் அழுத்தத்தையும் மட்டும் கவனிக்க வேண்டும். அப்புறம் முறை மாறும். 'சரியாகச் செய்கிறேனா' என்ற பதற்றம் இதில் மெல்லக் கழன்றுவிடுகிறது. எல்லாம் வீட்டில், இருவருக்குள் மட்டும். சிகிச்சையாளர் தொடுவதே இல்லை. யாருடைய மந்திரத்தையும் இது கடன் வாங்கவில்லை. உடல் நெருக்கத்தில் சிக்கல் என்றால் என் தேர்வு இதுதான்.

தூக்கமின்மை, பழைய பயம் என்றால், படுத்தபடி விழிப்போடு உடலைத் தளர்த்தும் யோக நித்திரை. பூஜையில் உடலுறுப்புகளைத் தொட்டு மந்திரம் சொல்லும் நியாசத்திலிருந்து யோக குரு சத்யானந்த சரஸ்வதி இதை வடித்தெடுத்தார். மந்திரத்தை விட்டார், கவனத்தை உறுப்பு உறுப்பாக நகர்த்துவதை வைத்துக்கொண்டார், எங்கிருந்து எடுத்தோம் என்பதையும் எழுதிவைத்தார். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்டு மில்லர் இதிலிருந்து அமைத்த முறை அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. வீரர்கள் தயங்கக் கூடாதென்று பெயரை மட்டும் 'ஐ-ரெஸ்ட்' என்று மாற்றினார்கள். பெயர் போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் கடன் வாங்குவதென்றால் சத்யானந்தர் வாங்கியது போல வாங்க வேண்டும்.

மரபுக்குள்ளேயே போக விரும்புகிறவர்கள் குருவிடம் போகட்டும். அது பல ஆண்டு சாதனை, மணவாழ்வுக்கு மருந்தாக யாரும் தருவதில்லை.

ஆலோசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மனம் அமைதியாக 'ஹ்ரீம்' என்ற தேவி மந்திர எழுத்தைச் சொல்லுங்கள் என்று சொல்லும் முன், எதிரே இருப்பவர்களிடம் வீட்டு வழிபாடு என்னவென்று கேளுங்கள். குரு காதில் ஓதிக் கொடுத்த எழுத்தை வைத்திருக்கும் வீடாக அது இருக்கலாம். அவர்களுக்கு வெறும் மூச்சை எண்ணச் சொன்னாலே போதும்.