டொப்ருஜாவைச் சுற்றிக் காட்டிய ஒரு நாள் கார் பயணம்

ருமேனியாவின் கான்ஸ்டன்ட்சாவுக்கு வருபவர்கள் பெரும்பாலும் கடற்கரையோடு திரும்பிவிடுகிறார்கள். நான் ஒரு நாளைக்கு வழிகாட்டியோடு கார் எடுத்தேன். ஓட்டுநரே வழிகாட்டி. கொடுத்த காசுக்கு மேலேயே கிடைத்தது.

முதலில் கோட்டை எதையாவது காட்டுவார் என்று நினைத்தேன். அவரோ நேராக செர்னவோடா ஊருக்கு, டான்யூப் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து கருங்கடல் கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர்தான். ஆனால் ஆறு சிலிஸ்ட்ரா ஊரைத் தாண்டியதுமே வடக்கே திரும்பி, வெகுதூரம் சுற்றித்தான் கடலில் சேர்கிறது. கார் பானெட்டில் படிந்திருந்த தூசியில் விரலால் வரைந்து காட்டினார்: மேற்கிலும் வடக்கிலும் ஆறு, கிழக்கில் கடல், தெற்கு மட்டும் திறந்த வெளி. அதுதான் டொப்ருஜா. அப்புறம் அவர் சொன்னதெல்லாம் எனக்கு அந்தப் படத்தோடு சேர்ந்தே புரிந்தது. கிரேக்கர்கள் கடல் வழியாக வந்து குடியேறினார்கள். தெற்கிலிருந்து வந்த ஒட்டோமான் துருக்கியர்கள் 1878 வரை ஆண்டார்கள். அந்த ஆண்டு வடபகுதி ருமேனியாவுக்குப் போனது, 1913-இல் பல்கேரியாவிடம் இருந்த தென்பகுதியும் போனது. 1940-இல் கிரயோவா ஒப்பந்தப்படி தெற்கு மறுபடி பல்கேரியாவுக்கு. எல்லையோடு சேர்த்து மக்களையும் மாற்றிக்கொண்டார்கள் என்று சொல்லிவிட்டு, அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஆறு போகாத அந்தக் குறுக்கு வழியில் கடல்வரை வெட்டியதுதான் 64 கிலோமீட்டர் கால்வாய். திறந்தது 1984-இல். 1950-களின் தொடக்கத்தில் அரசியல் கைதிகளை அங்கே வேலை வாங்கிக் கொன்றதையும் மறைக்காமல் சொன்னார்.

அடுத்து ஆதாம்கிளிசி. இந்தப் பக்கத்துப் பழங்கால மக்களான டேசியர்களை வென்றதற்காக ரோமப் பேரரசர் டிராஜன் கி.பி. 109-இல் எழுப்பிய நினைவுச்சின்னம். இன்று நிற்பது 1977-இல் திரும்பக் கட்டியது. அசல் சிற்பக் கற்கள் ஊருக்குள் மியூசியத்தில் இருக்கின்றன. ஒரு கல்லில் ஒரு வீரன் வளைந்த நீள வாளை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான், நம் அரிவாள் மாதிரி உள்பக்கம் கூர். அந்த வெட்டுக்குப் பயந்துதான் எதிரே நிற்கும் ரோம வீரன் வலது கை முழுக்கத் தகடு கட்டியிருக்கிறான். அந்தக் கல்லைப் பார்த்து முடிப்பதற்குள் கிளம்பச் சொல்லிவிட்டார். மியூசியத்துக்கு மொத்தமே 20 நிமிடம். எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை இதுதான்.

மாலையில் கான்ஸ்டன்ட்சா திரும்பி, இங்கே வாழும் தாத்தார் இன மக்கள் செய்யும் ஷுபெரெக் வாங்கிக் கொடுத்தார். இறைச்சி வைத்துப் பொரித்தது, சூடாக இருந்தது. 1913-இல் கட்டி முடித்த பெரிய மசூதியும் திட்டத்தில் உண்டு. அது ஊருக்குள்ளேயே இருக்கிறது, மறுநாள் நீங்களே நடந்து போய்ப் பார்க்கலாம். முன்பதிவு செய்யும்போதே அந்த நேரத்தை ஆதாம்கிளிசிக்குக் கேட்டு வாங்கிவிடுங்கள்.